ராட்சசக் கணவாய்க்கு வவுச்சர் உண்டா?

என் வீடு புழலில் இருக்கிறது. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் ஒரு விநாடி தயங்கிவிட்டு, "உள்ளேயா... வெளியேயா?" என்று கேட்பார். 2006-ல் மத்திய சிறை எங்கள் பக்கம் குடிவந்ததிலிருந்து இந்த ஜோக்கை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். சென்னைக்கே குடிதண்ணீர் கொடுக்கும் ஏரி ஒன்று இங்கே இருக்கிறதே, அது யாருக்காவது ஞாபகம் வருகிறதா? வராது!

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, காலேஜ் நண்பன் ஒருவன் போன் செய்தான். குரலில் ஒரு ரகசியம்.

"மச்சி, ஒரு மேட்டர். யார்கிட்டயும் சொல்லிடாதே. திமிங்கல வாந்தி."

"யாருக்கு வாந்தி?"

"அட, அம்பர்டா! சென்ட் கம்பெனிக்காரன் கிலோ கோடிக்கணக்குல எடுக்கிறான். சரக்கு ஒரு பார்ட்டிகிட்ட இருக்கு. ஆளுக்கு மூணு லட்சம் போட்டா போதும். நான் நகையை வெக்கறதா முடிவு பண்ணிட்டேன்."

"யார் நகை?"

"அவளோடதுதான். அவளுக்கு இன்னும் தெரியாது."

"சரக்கு ஒரிஜினல்னு எப்படித் தெரியும்?"

"அங்கதான் இருக்கு விஷயம். உள்ளே ராட்சசக் கணவாயோட மூக்கு மாட்டியிருக்கு! டூப்ளிகேட்ல மூக்கு இருக்குமா? போட்டோ அனுப்பறேன், பாரு."

போட்டோ வந்தது. சாம்பல் நிறத்தில், மெழுகு மாதிரி ஒரு கட்டி. அதில் கறுப்பாக ஒரு துணுக்கு, குட்டிக் கிளியின் மூக்கு போல. பக்கத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல்.

நான் பி.காம். படித்ததில் முக்கால்வாசி மறந்துவிட்டது. ஆடிட்டிங் வகுப்பில் வாத்தியார் சொன்ன ஒன்று மட்டும் மறக்கவில்லை: வவுச்சர் இல்லாத எதையும் நம்பாதே. சரி, இந்த ராட்சசக் கணவாயின் கணக்கைக் கொஞ்சம் ஆடிட் செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

★ ★ ★

ஞாயிறு விடியற்காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மூலக்கடை, வியாசர்பாடி வழியாகக் காசிமேடு. ஏலச் சத்தமும் ஐஸ் தண்ணீரும் மீன் வாசனையும் கலந்து கிடந்தது. கணவாயில் இரண்டு ஜாதி. உள்ளே வெள்ளை ஓடு இருப்பது ஒரு ரகம். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்கிறார்களே, அது இதன் ஓடுதான். இன்னொன்று நீளமாக, குழாய் மாதிரி இருக்கும் ரகம். காசிமேட்டில் அதற்குப் பெயர் கடம்பா. இதற்கு ஓடு கிடையாது. முதுகில் பிளாஸ்டிக் தகடு மாதிரி கண்ணாடியாக ஒன்று இருக்கும், இழுத்தால் வந்துவிடும். ராட்சசன் இந்தக் கடம்பாவுக்குப் பெரியப்பா முறை.

"பெரிய கணவாய்னா எம்மாம் பெருசு பாத்துக்கீறீங்க?" என்று வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு லாஞ்ச் டிரைவரிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்த வட சென்னைத் தமிழில்தான் கேட்டேன்.

அவர் இரண்டு கையையும் ஒரு முழம் விரித்தார். "நான் பாத்தது இம்மாம். எங்க மாமன் பாத்தது..." கை இன்னும் விரிந்தது. "மாமனோட தோஸ்து ஒர்த்தர் அந்தமான் பக்கம் பாத்தாராம், அது போட்டை விட பெருசாம் சார்!"

கவனியுங்கள். கண்ணால் பார்த்தது ஒரு முழம். மாமா பார்த்தது ஒரு பாகம். மாமாவின் நண்பர் பார்த்தது படகை விடப் பெரிது. இது காசிமேட்டில் மட்டும் நடப்பதல்ல. லண்டனிலும் நடந்திருக்கிறது. அதுவும் நம்ம மெட்ராஸுக்கு வந்துகொண்டிருந்த ஒரு கப்பலை வைத்து!

★ ★ ★

1874, மே மாதம் 10-ம் தேதி. கொழும்பிலிருந்து காலியைச் சுற்றிக்கொண்டு மெட்ராஸை நோக்கி வருகிறது 'ஸ்ட்ராத்தோவன்' என்ற நீராவிக் கப்பல். அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. 1875 டிசம்பரில்தான் அடிக்கல் நாட்டினார்கள். கப்பல் தள்ளி நிற்கும், மசூலா படகில் ஏறி அலையில் நனைந்துகொண்டு கரைக்கு வரவேண்டும். ஆனால் ராயபுரத்தில் ரயில்வே ஸ்டேஷன் 1856-லேயே வந்துவிட்டது!

சாயங்கால நேரம். காற்றே இல்லை. தூரத்தில் 'பேர்ல்' என்ற சின்னப் பாய்மரக் கப்பல், 150 டன், அசையாமல் நிற்கிறது. அதன் பக்கத்தில் கடல்மேல் நீளமாக ஏதோ மிதக்கிறது. திடீரென்று அந்த வஸ்து கப்பலின் மேல் ஏறுகிறது. கப்பல் சாய்கிறது. கவிழ்கிறது. காணோம்! ஸ்ட்ராத்தோவன் விரைந்து போய்த் தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கியது. காப்பாற்றப்பட்ட கேப்டன் ஜேம்ஸ் ஃபிளாய்ட் சொன்ன கதை: மிதந்த வஸ்துவைத் துப்பாக்கியால் சுட்டேன், அது கோபித்துக்கொண்டு கைகளைக் கப்பல்மேல் போட்டு இழுத்துவிட்டது, மாலுமிகளில் ஒருவன் நியூஃபவுண்ட்லாந்துக்காரன், 'அது கணவாய், வம்புக்குப் போகாதீங்க' என்று முன்பே எச்சரித்தான்.

1874 ஜூலை 4-ம் தேதி லண்டன் 'டைம்ஸ்' இதைப் பிரசுரித்தது. உலகமே அசந்துபோனது. அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் கொடுத்திருந்தார்கள். கணக்குப் போட்டால் திரிகோணமலைக்குக் கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர், நம்ம வங்காள விரிகுடா.

இப்போது ஆடிட். வவுச்சர்? ஒரு துண்டுக் கை இல்லை. ஓர் உறிஞ்சி இல்லை. பேப்பர் செய்தி ஒன்றுதான். ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் இதைக் கட்டுக்கதை என்றே ஒதுக்குகிறார்கள். கணக்கும் உதைக்கிறது. ராட்சசக் கணவாயின் எடை இன்று தெரியும்: பெரிய பெண் கணவாயே 275 கிலோ அளவுக்குத்தான். 275 கிலோ வந்து 150 டன் கப்பலைக் கவிழ்ப்பது என்றால், நம்ம வீட்டுப் பூனை லாரியைக் கவிழ்ப்பது மாதிரி!

அப்படியானால் நியூஃபவுண்ட்லாந்து மாலுமி எங்கிருந்து கதைக்குள் வந்தார்? அதற்குப் பின்னால் ஒரு நிஜக் கதை இருக்கிறது.

★ ★ ★

பேர்ல் கதைக்கு ஏழெட்டு மாதங்களுக்கு முன்பு, 1873 அக்டோபர். கனடாப் பக்கத்து நியூஃபவுண்ட்லாந்து தீவு. இரண்டு மீனவர்களும் ஒரு பையனும் சின்னப் படகில் போகிறார்கள். மிதந்த ஒன்றைக் கொக்கியால் குத்த, அது கையைப் படகின் மேல் போட்டது. பையன் (அல்லது உடன் போனவர், இதிலும் இரண்டு கதை உண்டு) கோடரியை எடுத்து வெட்டினான். படகில் விழுந்த துண்டின் நீளம் மட்டும் 19 அடி!

அந்தத் துண்டைப் பாதிரியார் மோசஸ் ஹார்வி வாங்கினார். சில வாரம் கழித்து வேறு மீனவர்கள் வலையில் முழுசாகவே ஒன்று சிக்க, 10 டாலர் கொடுத்து அதையும் வாங்கிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாத்ரூமில், குளியல் தொட்டிக்கு மேலே உள்ள கம்பியில் துணி காயப்போடுவது போலத் தொங்கவிட்டுப் போட்டோ எடுத்தார். வீட்டம்மா என்ன சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் உலகத்துக்கு வவுச்சர் கிடைத்துவிட்டது. ராட்சசன் உண்டு!

பெயர் அதற்கு முன்பே வைத்தாகிவிட்டது. 1857-ல் டென்மார்க் விஞ்ஞானி ஸ்டீன்ஸ்ட்ரப், கரை ஒதுங்கிய ஒன்றின் மூக்கை வைத்துக்கொண்டு 'ஆர்க்கிட்யூத்திஸ்' என்று பெயர் சூட்டினார். உடம்பெல்லாம் அழுகிப் போனாலும் மூக்கு அழுகாது. நம் கதையில் இந்த மூக்கு மறுபடி வரும்.

நீளம்? பழைய புத்தகங்களில் 55 அடி, 60 அடி என்று போட்டிருக்கும். கை இரண்டும் ரப்பர் மாதிரி. செத்த பிறகு ஆளுக்கொரு பக்கம் இழுத்து அளந்தால் அடி ஏறத்தான் செய்யும். நம்பகமாக அளந்தவை 12, 13 மீட்டருக்குள்தான் நிற்கின்றன. அதிலும் பெரும்பகுதி இரை பிடிக்கும் அந்த இரண்டு நீளக் கைகள். உடம்பு மட்டும் பார்த்தால் ஆள் உயரம், கொஞ்சம் கூட. பெண்தான் பெரிது, ஆண் சின்னது. (பல வீடுகளில் இருப்பதுதான்.)

உள்ளே இன்னும் வேடிக்கை. இதயம் மூன்று. ரத்தம் நீலம், ஏனென்றால் நமக்கு இரும்பு வேலை செய்யும் இடத்தில் அதற்குத் தாமிரம். மூளை மெதுவடை மாதிரி, நடுவில் ஓட்டை. சாப்பாட்டுக் குழாய் அந்த ஓட்டை வழியாகத்தான் போகிறது! அவசரப்பட்டுப் பெரிய துண்டாக விழுங்கினால் மூளைக்கே ஆபத்து. அதனால்தான் கிளி மூக்கால் நறுக்கி, நாக்கில் உள்ள அரத்தால் ராவி, பொடிசாக அனுப்புகிறது.

உடம்பு முழுக்க அம்மோனியம் குளோரைடு கரைசல். கடல் நீரை விட லேசானது, ஆகவே நீந்தாமலே மிதக்கலாம், லைஃப் ஜாக்கெட் மாதிரி. ஆனால் வாடை? பஸ் ஸ்டாண்ட் மூத்திரச் சந்தை நினைத்துக்கொள்ளுங்கள். ராட்சசக் கணவாய் வறுவல் என்று போர்டு மாட்டினால் காசிமேட்டில் ஒரு பிளேட் போகாது.

★ ★ ★

இப்போது கண். 27 சென்டிமீட்டர், நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு சைஸ்! பாப்பா மட்டும் 9 சென்டிமீட்டர். உலகத்தில் இருக்கும் மிகப் பெரிய கண்களில் ஒன்று.

இருட்டில் இருக்கிற ஜீவனுக்கு இத்தனை பெரிய கண் எதற்கு? 2012-ல் ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்து டான்-எரிக் நில்சன் குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. 2019 ஆகஸ்டில் ஒரு ராத்திரி திருவான்மியூர் பக்கம் அலையெல்லாம் நீலமாக ஜொலித்ததே, வாட்ஸ்அப்பில் எல்லோரும் அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? கடலில் உள்ள நுண்ணுயிர்களைக் கலக்கினால் அப்படி ஒளிவிடும். ஆழத்தில் ஒரு பெரிய திமிங்கலம் வரும்போது அதன் உடம்பைச் சுற்றியும் அதே மங்கல் வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தை 120 மீட்டருக்கு அப்பாலேயே பார்த்துவிட இந்தக் கண் உதவும் என்பது அவர்கள் கருத்து. கப்பலைக் கவிழ்க்கும் அசுரன் என்றார்களே, அவருக்குக் கண் பெரிசானதே பயந்து ஓடுவதற்குத்தான் போலிருக்கிறது!

பயப்பட வேண்டியது ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு. அதன் பிரதான சாப்பாடே கணவாய்தான். ஆழத்துக்கு மூழ்கிப் பிடித்துத் தின்னும். கணவாய் சும்மா விடாது. உறிஞ்சிகளின் விளிம்பில் ரம்பப் பல் வளையம் உண்டு. திமிங்கலத்தின் முகத்தில் வட்ட வட்டமாகத் தழும்பு போட்டுவிட்டுத்தான் சாகும். திரிகோணமலைக்கு வெளியே இந்தத் திமிங்கலங்கள் நிறைய நடமாடுகின்றன. டைம்ஸ் கதையில் சொன்ன கடலும் அதுதான். கப்பல் கவிழ்ந்ததற்கு ஆதாரம் இல்லை. அதற்குக் கீழே கணவாய்ப் பந்தி நடப்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

திமிங்கலத்துக்கு எல்லாம் ஜீரணமாகும், கணவாயின் மூக்கு மட்டும் ஆகாது. பெரும்பாலும் வாந்தி எடுத்து வெளியே தள்ளிவிடும். எப்போதாவது சில மூக்குகள் குடலுக்குள் இறங்கிக் குத்தும். அதைச் சுற்றி மெழுகு மாதிரி ஒன்று சுரந்து, கட்டியாகிறது. அதுதான் அம்பர். அதாவது நண்பன் சொன்ன வாந்தியே தப்பு, சமாசாரம் குடல் சம்பந்தப்பட்டது. புதுசாக வரும்போது சாணி வாடை. வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்த பிறகுதான் வாசனை. மிகச் சில திமிங்கலங்களுக்கே இது உண்டாகிறது. அதனால்தான் அந்த விலை. ஆகவே, அம்பரில் கணவாய் மூக்கு இருக்கும் என்று நண்பன் சொன்னது நிஜம். நிஜம் ஒரு சிட்டிகை கலந்த புளுகுதான் ஆபத்தானது.

★ ★ ★

ராட்சசனை உயிரோடு பார்க்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் மியூசியத்து கிளைட் ரோப்பர் 1990-களில் நியூசிலாந்து வரை போய்க் காமிரா இறக்கினார். திமிங்கலத்தின் முதுகில்கூடக் காமிரா ஒட்டிப் பார்த்தார்கள். ம்ஹூம்!

ஜப்பான்காரர் சுனேமி குபோடெரா வேறு வழியில் போனார். திமிங்கலம் எங்கே கூடுகிறதோ, அங்கேதான் அதன் சாப்பாடும் இருக்கும். ஒகசவாரா தீவுகள் பக்கம் 900 மீட்டர் ஆழத்தில் தூண்டிலும் காமிராவும் இறக்கினார். 2004 செப்டம்பர் 30. வந்தது ராட்சசன்! தூண்டிலில் மாட்டி நாலு மணி நேரத்துக்கு மேல் போராடியது. காமிரா பாட்டுக்கு 500-க்கும் மேல் படம் எடுத்துத் தள்ளியது. கடைசியில் ஒரு கையை, ஐந்தரை மீட்டர், அறுத்துக்கொண்டு தப்பிவிட்டது. உலகத்தில் முதல் தடவையாக, அதன் வீட்டிலேயே, உயிரோடு படம்.

அடுத்து வீடியோ. எடித் விட்டர் என்ற அம்மையாருக்கு ஒரு சந்தேகம் வந்தது: நாம் ஃபோகஸ் லைட்டும் மோட்டார் சத்தமுமாக இறங்கினால், தட்டு சைஸ் கண் உள்ளவன் பக்கத்தில் வருவானா? நீங்கள் வருவீர்களா? ஆழ்கடல் பிராணிகளுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. எனவே சிவப்பு விளக்கு, மோட்டார் இல்லாத காமிரா. கூடவே ஒரு பொம்மை ஜெல்லி மீன். ஒருவகை ஜெல்லி மீனை யாராவது கடித்தால் அது நீல விளக்கைச் சுற்றிச் சுற்றிப் போடும். 'திருடன், திருடன்' என்று கத்துவது மாதிரி. கடிப்பவனை விடப் பெரியவன் யாராவது வருவான் அல்லவா! பொம்மைக்கும் அதே விளக்கு வைத்தார்.

2012-ல் ஒகசவாரா கடலில் விட்டரின் காமிராவில் ராட்சசன் வந்தது. அதே பயணத்தில் குபோடெரா ஒரு சின்ன நீர்மூழ்கியில் உட்கார்ந்துகொண்டு நேருக்கு நேராகவே பார்த்தார். வெள்ளியும் பொன்னுமாக மின்னியதாம். இரையைப் பிடித்துக்கொண்டு அது இறங்க இறங்க, இவரும் கூடவே 900 மீட்டர் வரை இறங்கினார்.

2019 ஜூனில் மெக்சிகோ வளைகுடாவில் 759 மீட்டர் ஆழத்தில் விட்டர் குழு மறுபடி பிடித்தது. வந்தது, பொம்மையைத் தொட்டுப் பார்த்தது, 'சீ, பிளாஸ்டிக்' என்று போய்விட்டது. எல்லோரும் கம்ப்யூட்டரைச் சுற்றி ஆனந்தக் கூத்தாடிய சற்று நேரத்தில் கப்பலின் மேல் இடி விழுந்தது! முதலில் ஓடிப்போய் வீடியோ பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தார்களாம். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். கையில் வவுச்சர் இருப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 'மத்ஸ்யா 6000' என்று நீர்மூழ்கி ஒன்றை உருவாக்கியது. 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை அனுப்பும் திட்டம். 2025 ஆரம்பத்தில் அதைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்த இடம் எது தெரியுமா? எண்ணூரைத் தாண்டி நம்ம காட்டுப்பள்ளி! சுமார் 2 மீட்டர் அகலமுள்ள டைட்டானியம் உருண்டைக்குள் மூன்று பேர். ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர் போகிற நமக்கு இது ஜுஜுபி. என்றைக்காவது நம்ம ஆள் ஒருவர் வங்காள விரிகுடாவில் அந்தத் தட்டுக் கண்ணை நேரில் பார்த்துவிட்டு, காட்டுப்பள்ளியில் கரையேறுவார் என்று ஆசைப்படுகிறேன். அவர் கையை விரித்துக் காட்ட வேண்டாம். வீடியோ போட்டால் போதும்.

★ ★ ★

ஞாயிறு மத்தியானம். காசிமேட்டில் வாங்கிய அரைக்கிலோ கடம்பாவை வீட்டில் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தலையைக் கிள்ளி, நடுவில் அமுக்கினால் மிளகு சைஸில் கறுப்பாக ஒன்று துள்ளி விழுகிறது. மூக்கு! குப்பையில் போகவிருந்த பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கிக் கழுவி வைத்தேன். மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கரண்ட் போனால் ஏற்றும் மெழுகுவர்த்தி இரண்டை உருக்கினேன். அடுப்புச் சாம்பலுக்கு எங்கே போவது, ஊதுவத்திச் சாம்பலைக் கலந்தேன். கட்டியாகும்போது இருப்பதில் பெரிய மூக்காகப் பார்த்து ஒன்றைக் குத்தினேன். பக்கத்தில் என் கட்டைவிரலை வைத்துப் போட்டோ எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன்: 'என்கிட்டயும் சரக்கு இருக்கு. கிலோ எவ்ளோக்கு எடுத்துக்கறே?'

பத்து நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் போன்.

"மச்சி... அப்போ அது டூப்பா?"

"தெரியாதுடா. டூப்பா இருந்தா உன் சம்சாரத்தோட நகை போச்சு."

"ஒரிஜினலா இருந்தா?"

"அதை வெச்சிருந்தாலே தப்பு, வித்தாலும் தப்பு. 1972-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டிருக்கான். மாட்டினா ஜெயில்."

"ஐயோ... எந்த ஜெயில்?"

"கவலைப்படாதே. எனக்குப் பக்கம்தான். ஞாயித்துக்கிழமை கடம்பா தொக்கு செஞ்சா கொண்டு வந்து தரேன், உள்ளே விட்டாங்கன்னா."

நகை இப்போது வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அவன் மனைவிக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. அவர் இந்த இதழை வாங்கமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் எழுதியிருக்கிறேன்.